பாலை முதலில் ஊற்றியவள்

அந்தச் சனிக்கிழமை கால்பந்து ஆட்டத்துக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன்.

"போகாட்டா போ, அதுக்கென்ன இப்போ?" என்று கேட்கிறவர் யாராக இருந்தாலும் ஹேக்கன்ஷாக்காரர் இல்லை. எங்கள் ஊரில் இந்த வாக்கியத்தை உரக்கச் சொன்னால் முதலில் டாக்டர் வருவார், அப்புறம் பாதிரியார் வருவார். நான் என் கல்யாணத்தைக் காலையிலேயே முடித்துவிட்டு மூன்று மணி ஆட்டத்துக்கு மாப்பிள்ளைக் கோட்டோடு போய் உட்கார்ந்தவன். மகள் பிறந்த சேதியே எனக்கு இடைவேளையில் ஒலிபெருக்கியில்தான் வந்தது. "பெர்சி கிராப்ட்ரீக்குப் பெண் குழந்தை, இருவரும் நலம்" என்றார்கள். எழுந்து தொப்பியைத் தூக்கிக் காட்டினேன். பின்னால் இருந்தவர் உட்காரச் சொன்னார். மறைக்கிறதாம்.

அப்பேர்ப்பட்ட நான்! அதுவும் எப்பேர்ப்பட்ட சனிக்கிழமை! பட்டியலில் எங்கள் சங்கம் ஹேக்கன்ஷா டவுன் கடைசி. மிச்சம் இருப்பது இரண்டே ஆட்டம். இரண்டையும் ஜெயித்தால் பிழைப்போம். ஒன்றில் வழுக்கினாலும் லீக்கை விட்டே தூக்கி எறிந்துவிடுவார்கள். அப்புறம் மேய்ச்சல் நிலத்தில் மாடுகளை விரட்டிவிட்டு ஆட வேண்டியதுதான்.

இருந்தும் போகவில்லை. காரணம், என் மனைவி எட்னா. அவள் மேல் எனக்குச் சந்தேகம்.

சந்தேகப்படுவது எனக்குத் தொழில். காஸ் கம்பெனியில் மீட்டர் பார்க்கிறவன். ஊரார் வீட்டு மாடிப்படிக்கு அடியில் தவழ்ந்துபோய் டார்ச் அடித்து, யார் எங்கே எதைத் திருகி வைத்திருக்கிறார்கள் என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவேன். ஊர் வீட்டில் தெரிவது என் வீட்டில் தெரியாதா?

முதலில் குரல். சனிக்கிழமை சாயங்காலம் எட்னா வீடு திரும்பும்போது தொண்டை கட்டியிருக்கும். கேட்டால், "முரியலுக்குக் காது கேக்கலைய்யா, கத்திக் கத்திப் பேசறேன்" என்பாள். முரியல் அவள் அக்கா. அப்புறம் மூக்கு. அக்கா வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தவளுக்கு மூக்கு ஏன் குளிரில் சிவந்திருக்கிறது? அப்புறம் உதட்டுச் சாயம். முரியலுக்கு எதற்கு உதட்டுச் சாயம்?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை என் கண் முன்னாலேயே, என் சமையலறையிலேயே, எட்னா கோப்பையில் பாலை முதலில் ஊற்றினாள். அதன் மேல் டீயை ஊற்றினாள்.

வெளியூர்க்காரருக்கு இது புரியாது, சொல்கிறேன்.

எங்கள் சங்கத்தை ஆரம்பித்தவர் ஒரு பாதிரியார். சனிக்கிழமை கூலியை வாங்கிக்கொண்டு மில் தொழிலாளிகள் சாராயக்கடைக்குப் போகிறார்களே என்று ஒரு பந்தை வாங்கிப்போட்டார். ஆட்டம் முடிந்ததும் டீ. அதனால்தான் எங்கள் சட்டையில் டீ நிறத்தில் ஒரு பட்டை, பால் நிறத்தில் ஒரு பட்டை. இத்தனை வருஷத்தில் நாங்கள் ஜெயித்த ஒரே பரிசு ஒரு செம்புக் கெட்டில். மற்ற ஊர்க்காரர்கள் கோப்பையை ஜெயித்தார்கள், நாங்கள் அதில் ஊற்றுவதை ஜெயித்தோம். இன்றைக்கும் ஆட்டத்துக்கு முன் அந்தக் கெட்டில் மைதானத்தை ஒரு சுற்று வரும். நம் ஆள் கோல் போட்டால் கைதட்டுவதெல்லாம் இல்லை. மைதானமே வாயைக் குவித்து, கெட்டில் கொதிக்கிற மாதிரி விசில் அடிக்கும்.

இவ்வளவு ஒற்றுமையான சங்கம் ஒரே நாளில் இரண்டாகப் பிளந்தது. பாலை முதலில் ஊற்றுவதா, டீயை முதலில் ஊற்றுவதா? எங்கள் தாத்தா காலத்தில் இதற்காக ஒரு கூட்டம் போட்டார்கள். நாற்காலிகள் பறந்தன. டீயை முதலில் ஊற்றுகிற கண்ணியவான்கள் மைதானத்தின் சர்ச் பக்கம் வந்துவிட்டோம். பாலை முதலில் ஊற்றுகிற கும்பல் ரயில் பக்கம் போய்விட்டது. அன்றிலிருந்து கிராப்ட்ரீ குடும்பத்தில் ஒருவர்கூட ரயில் பக்கம் கால் வைத்ததில்லை.

இப்போது சொல்லுங்கள். சர்ச் பக்கத்துக்காரனின் மனைவி திடீரென்று பாலை முதலில் ஊற்றினால் என்ன அர்த்தம்? ரயில் பக்கத்துக்காரன் எவனோ உள்ளே புகுந்துவிட்டான் என்று அர்த்தம்!

பக்கத்து வீட்டு க்ளிஃபோர்டிடம் போய்ச் சொன்னேன். மைதானத்திலும் எனக்கு அவன் பக்கத்து நாற்காலிதான். சுவர் மேல் சாய்ந்துகொண்டு கேட்டான்.

"பால் முதல்லயா? நல்லாப் பாத்தியா?"

"கண்ணால பாத்தேன்ப்பா."

"தவறி ஊத்தியிருக்கும்."

"ரெண்டு கோப்பை!"

அவன் தொப்பியைக் கழற்றிவிட்டான். "சனிக்கிழமை எங்கே போறாளாம்?"

"முரியல் வீட்டுக்கு. நான்தானே அனுப்பறேன். அவ ராசிதான் உனக்குத் தெரியுமே."

அதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் எட்னாவை ஒரு ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நம் ஆள் பெனால்டி அடிக்க ஓடிவரும்போது ஒரு தும்மல் போட்டாள். பந்து ரயிலேறிப் போய்விட்டது. ஏழு கோல் வாங்கினோம். துக்கிரி என்று அன்றே தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து ஆட்டம் இருக்கிற சனிக்கிழமைகளில் அவள் மைதானத்துக்கு வரக்கூடாது, வீட்டில் ரேடியோகூடக் கேட்கக்கூடாது, முரியல் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று சட்டம் போட்டேன். அவளும் வாயைத் திறக்காமல் போய்க்கொண்டிருந்தாள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எட்னாவாவது, வாயைத் திறக்காமல் இருப்பதாவது!

"ஒரே வழிதான்" என்றான் க்ளிஃபோர்ட். "பின்னாடியே போய்ப் பாத்துடு."

"ஆட்டம்?"

"ஆட்டம் கிடக்கட்டும்யா. குடும்பம் முக்கியமா, பந்து முக்கியமா?"

க்ளிஃபோர்ட் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சா? தன் மாமியார் சாவுக்கே இடைவேளை வரைக்கும் போகாமல் இருந்தவன். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் என் கையில் இருந்த சந்தேகமெல்லாம் எட்னாவுக்கே செலவாகிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை வழக்கம்போல மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்று கிளம்பினேன். தெருமுனையில் இருந்த டெலிபோன் கூண்டுக்குள் புகுந்துகொண்டேன். ரிசீவரைக் காதில் வைத்தபடி வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு குண்டு அம்மாள் கண்ணாடியைத் தட்டினாள்.

"முடிச்சீங்களா இல்லியா?"

"முக்கியமான விஷயம்மா."

"அரை மணியா ஒரு வார்த்தைகூடப் பேசலியே?"

"அந்தப் பக்கம் என் பொண்டாட்டி பேசறா."

"ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் அடுத்த கூண்டைத் தேடிப் போய்விட்டாள்.

எட்னா வந்தாள். உதட்டுச் சாயம்! நல்ல கோட்டு! முரியல் வீட்டுக்கு மலை மேலே போகிற பஸ்ஸை விட்டுவிட்டாள். மைதானத்துக்குப் போகிற பஸ்ஸில் ஏறினாள். நான் அதே பஸ்ஸில் மாடிக்கு ஓடிவிட்டேன். மில் தெருவில் இறங்கினாள். கூட்டத்தோடு கூட்டமாக நடந்தாள். எங்கே? ரயில் பக்கம்! வாசலில் பெரிய மீசைக்காரன் ஒருவன் அவளைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினான். கறி அடைத்துச் சுட்ட சூடான மீட் பை ஒன்றைக் கையில் கொடுத்தான். அவள் சிரித்தாள். எனக்கு அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! வயிற்றெரிச்சல் என்றால் அப்படி ஒரு வயிற்றெரிச்சல். காசை எடுத்துக்கொண்டு சுழல் கதவை நோக்கிப் பாய்ந்தேன்.

உள்ளே கம்பிக்குப் பின்னால் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். காசை வாங்கவில்லை.

"எது முதல்ல?" என்றார்.

"என்னது எது முதல்ல?"

"தெரியாத மாதிரி கேக்கறியே. பாலா, டீயா?"

ரயில் பக்கத்தில் நுழைகிறவன் சொல்லியே ஆக வேண்டுமாம். சொல்லாவிட்டால் கதவு சுழலாதாம். பரம்பரை வழக்கமாம்.

"பெரியவரே, உள்ளே என் பொண்டாட்டி இருக்காய்யா!"

"நிறையப் பேரோட பொண்டாட்டி இருக்காங்க. எது முதல்ல?"

வாயைத் திறந்தேன். 'பா' வரைக்கும் வந்தது. தாத்தா மேல் நாற்காலி பறந்து விழுந்தது ஞாபகம் வந்தது. அப்பா சாகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீ... முதல்ல..." என்று சொன்னது ஞாபகம் வந்தது. பின்னால் நிற்கிறவர்கள் முண்டினார்கள்.

"சொல்லித் தொலையேன்யா!"

சொல்ல முடியவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்தேன். சரி, சர்ச் பக்கம் போய் என் நாற்காலியிலாவது உட்காரலாமா? அவள் வெளியே வரும்போது பிடிக்க முடியாமல் போய்விடுமே! மழை வேறு பிடித்துக்கொண்டது. மனைவி உள்ளே, ஆட்டம் உள்ளே, நான் மட்டும் சுவருக்கு வெளியே. என்னைப் பார்த்தால் எனக்கே அழுகை வந்தது.

அப்போது விசில் கேட்டது. மைதானமே கொதித்தது. ஒன்று! கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. இடைவேளைக்கு அப்புறம் இன்னும் இரண்டு. நாலு கோல்! இந்த வருஷம் முழுக்க நாங்கள் போட்டதே அவ்வளவுதான் இருக்கும். சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நானும் விசில் அடித்தேன். மழைத் தண்ணீர்தான் வாயிலிருந்து வந்தது. ஆட்டம் முடிந்து கூட்டம் வெள்ளமாக வெளியே வந்ததில் எட்னாவைக் கோட்டைவிட்டேன்.

வீட்டுக்குப் போனால் அவள் எனக்கு முன்னால் வந்து, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னய்யா இப்படி நனைஞ்சிருக்கே? உன் பக்கம் கூரை இருக்கே?"

"சந்தோஷத்துல... கூரையை விட்டு வெளிய வந்துட்டேன்."

"ஜெயிச்சாச்சா?"

"நாலு கோல்!"

"அடேயப்பா! நல்லா இருந்துதா?"

"நல்லா இருந்துதாவா? அப்படி ஒரு ஆட்டத்தை நான் பாத்ததே இல்லை." அது மட்டும் சத்தியம்.

"சொல்லேன் கேப்போம். எப்பவும் வந்ததும் ஒண்ணு விடாம சொல்லுவியே."

"அதெல்லாம் உனக்குப் புரியாது."

"நாலாவது கோல் யாரு போட்டா?"

"நாலாவது... நம்ம ஒன்பதாம் நம்பர்தான். தலையால ஒரு முட்டு முட்டினான் பாரு! வலையே கிழிஞ்சுது."

எட்னா கிழங்கைத் திருப்பிப் போட்டாள். "ஒன்பதாம் நம்பர் இடைவேளைக்கு முன்னாடியே கால் சுளுக்கிக்கிட்டு வெளிய போயிட்டானேய்யா. ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனாங்களே."

மாட்டிக்கொண்டாள்! மேஜையை ஓங்கித் தட்டினேன். "அது உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் அங்கே இருந்தேன்" என்றாள் எட்னா. "நீ எங்கே இருந்தே?"

எங்கே இருந்தேன் என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் விடவில்லை.

"ரயில் பக்கத்துல யாருடி அந்த மீசைக்காரன்?"

"மீட் பை விக்கறவருய்யா. காசு குடுத்தா எல்லாருக்கும்தான் தொப்பியைத் தூக்குவாரு. உனக்கும் தூக்கியிருப்பாரு, உள்ள வந்திருந்தா. 'பால்'னு ஒரு வார்த்தை வாயில வரலியாமே? கதவுகிட்ட இருக்கற பெரியவர் ஆட்டம் முடிஞ்சதும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு."

"எத்தனை நாளா நடக்குது இது?"

"நீ என்னைத் துக்கிரின்னு சொன்ன மறுவாரத்துலேருந்து. முடிஞ்ச வரைக்கும் ஒரு ஆட்டம் விட்டதில்லை."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "அப்படியா? அதான் தோத்தோம்! இத்தனை வருஷமும் நீ உள்ள உக்காந்துக்கிட்டுத்தான் ஊரைக் கெடுத்திருக்கே!"

எட்னா அடுப்பை அணைத்தாள். எதிரே வந்து உட்கார்ந்தாள். எனக்கு அப்போதே பயம் வந்துவிட்டது.

"நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். ஒரு வேளை நாமதானோன்னு. போன வருஷம் பித்தப்பை ஆபரேஷன்னு நான் ஆஸ்பத்திரில கிடந்தேனே, அப்ப என்னாச்சு?"

"தோத்தோம்."

"முரியல் மக கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் வெளியூர் போயிருந்தேனே?"

"தோத்தோம். ஆறு கோல்."

"அப்ப நான் இருந்தாலும் தோக்கறோம், இல்லாட்டியும் தோக்கறோம். யாரு அங்கே தவறாம உக்காந்திருக்காங்கன்னு யோசிச்சேன். எனக்கு ஒருத்தர் மேல சந்தேகம் வந்துது."

நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

"சந்தேகம் மட்டும் போதுமா? சோதிச்சுப் பாக்கணும். உன்னை ஒரே ஒரு சனிக்கிழமை மைதானத்துலேருந்து வெளிய எடுக்கணும். காய்ச்சல் வந்தா நிப்பியா? கம்பளி போத்திக்கிட்டுப் போவே. பொண்டாட்டிக்குப் பிரசவ வலின்னா நிப்பியா? ரொம்பத்தான் நின்னே! உன்னை எழுப்பக்கூடியது ஒண்ணே ஒண்ணுதான். அது உன் சந்தேகப் புத்தி. உதட்டுச் சாயம் பூசினேன். அசையலை. ரெண்டு கோப்பைல பாலை முதல்ல ஊத்தினேன். எழுந்துட்டே."

"எட்னா!"

"நாலு கோல் பெர்சி. நீ இல்லாத முதல் ஆட்டத்துல நாலு கோல்."

பின்கதவு தட்டாமலே திறந்தது. க்ளிஃபோர்ட். அவனுக்குப் பின்னால் எங்கள் வரிசைக்காரர்கள் மூன்று பேர். எல்லோர் கையிலும் தொப்பி. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். சங்கத்து ரசிகர் கமிட்டியே அந்த நாலு பேர்தான்.

"உனக்கும் தெரியுமாடா?" என்றேன்.

"சோதனை பண்ணாம முடிவு பண்ணக்கூடாதுன்னு எட்னா சொன்னா. நியாயமாப் பட்டுது" என்றான் க்ளிஃபோர்ட். "கோச்சுக்காதே. அடுத்த வாரம் கடைசி ஆட்டம். ஊர் பிழைக்கறது உன் கையிலதான் இருக்கு."

"நான் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்துக்கறேன்."

"வேண்டாம்."

"வாசல்ல நிக்கறேன்."

"வேண்டாம் பெர்சி. காத்து மைதானத்துக்குள்ள அடிக்கும்."

அடுத்த சனிக்கிழமை என்னை மலைக்கு அந்தப் பக்கம் முரியல் வீட்டுக்கு அனுப்பினார்கள். பஸ் கிளம்பிப் போகிறதா என்று க்ளிஃபோர்ட் நின்று பார்த்துவிட்டுத்தான் போனான். என் நாற்காலியில், எங்கள் அப்பா உட்கார்ந்த நாற்காலியில், எட்னா உட்காரப் போனாள். முரியல் எனக்கு ஒரு வாளியும் துணியும் கொடுத்து ஜன்னல்களைக் காட்டினாள்.

துடைத்தேன். மனசு அங்கே, கை இங்கே. ஜெயித்தால் என் இடம் போயிற்று, ஜென்மத்துக்கும் உள்ளே விடமாட்டார்கள். தோற்றால் இடம் கிடைக்கும், ஆனால் உட்கார்ந்து பார்க்க ஒன்றும் இருக்காது. என்ன வேண்டிக்கொள்வது? கடவுளே, ஜெயிக்கட்டும் என்று வாய் வரை வந்துவிட்டது. சட்டென்று நிறுத்திக்கொண்டேன். நான் வேண்டிக்கொண்டு அது பலிக்காமல் போய்விட்டால்? ஒன்றுமே நினைக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஜன்னல் துடைக்கற வேலையா பாத்தே இதுவரைக்கும்? இவ்வளவு ஆசையாத் துடைக்கறியே!" என்று முரியல் கத்தினாள்.

சாயங்காலம் எட்னா வந்தாள். சுத்தமாகக் குரல் இல்லை. முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அழுதேன். அவளும் அழுதாள். இரண்டுக்கு ஒன்று! பிழைத்துவிட்டோம்! என் ஊர் பிழைத்துவிட்டது! வாளியைத் தூக்கி என் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டேன்.

அப்புறம்தான் மெதுவாகக் கேட்டேன். "இனிமே நான் மைதானத்துப் பக்கமே வரக்கூடாது, அப்படித்தானே?"

எட்னா என் கன்னத்தைத் தடவினாள். "யாரு சொன்னா? கமிட்டி அங்கேயே கூடிப் பேசிடுச்சு. உன்னை மாதிரி ஒரு ஆளை வீட்டுல வீணா வெச்சிருக்கறதான்னு எல்லாரும் ஒரே குரலாச் சொல்லிட்டாங்க. அடுத்த வருஷம் எல்லா ஆட்டத்துக்கும் நீ வரணுமாம். டிக்கெட்டுகூட அவங்களே எடுத்துடறாங்க."

எனக்கு நம்பவே முடியவில்லை. "நிஜமாவா? என் பழைய இடத்துலயா?"

"இல்லய்யா. எதிராளி பக்கம். வெளியூர்க் கூட்டத்தோட உக்காந்துக்கணும். யாரு நம்மளோட ஆட வர்றாங்களோ அவங்க மஃப்ளரைக் கட்டிக்கிட்டு, அவங்கதான் ஜெயிக்கணும்னு மனசார ஆசைப்படணும். நடிச்சாப் பலிக்காதாம். க்ளிஃபோர்ட் கண்டிப்பாச் சொல்லச் சொன்னான்."

"முதல் ஆட்டம் யாரோட?" என்றேன்.

"டங்க்ளிஃப்."

டங்க்ளிஃப்! பீர்க்காரர்கள் சங்கம்! பீர் பாட்டில் பச்சையில் சட்டை போடுகிறவர்கள். அந்தப் பச்சை ஆகாது என்று பட்டாணிகூடச் சாப்பிடாத குடும்பம் எங்களுடையது. முடியாது, செத்தாலும் முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் எட்னா பையிலிருந்து பச்சைக் கம்பளி நூலை எடுத்து என் முன்னால் வந்து நின்றாள்.

"கழுத்தைக் காட்டுய்யா, அளவு பாக்கணும்."

காட்டினேன்.